கல் போர்த்த சுவரும் கணப்பும்

நம் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில், மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க்குழு நண்பர்கள் பணித்தனர். பாவலர் நிறைந்த அவையில் சுவரைப் பற்றி எழுதப் புகுவது பொருந்துமோ என்னும் ஐயம் எனக்கும் உண்டு. ஆயினும் இக்கட்டுரைக்கு வித்திட்டவர்கள் வட்டத்து அன்பர்களே ஆதலின், பொறுத்தருள்வர் என்னும் துணிவுடன் தொடங்குகின்றேன்.

சென்ற ஆண்டு அன்பர் சிலருடன் கொல்லிமலைக்குச் சென்றிருந்தேன். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து செம்மேட்டை அடைந்து, அங்கிருந்து உள்ளூர்ப் பாதையொன்றில் நடந்தோம். வழியில் ஒரு புதுவீடு. அதன் முகப்பு முழுவதும் பழுப்பும் சாம்பலுமான கல் பட்டைகள் நேர்த்தியாகப் பதிக்கப்பட்டிருந்தன. பக்கச் சுவர்களோ வெறும் சிமெண்ட் பூச்சு. பின்சுவருக்கு அதுவும் இல்லை. எங்களுள் ஒருவர் "இது கல்வீடா, கல்வேடமா?" என்று கேட்டார். மற்றொருவர், "நம் கவிதைகளில் பாதி இப்படித்தானே" என்றார். சிரித்தோம், பின்னர்ச் சிரிப்பு அடங்கி வழக்காடத் தொடங்கினோம். சுவருக்குக் கல் போர்த்துதல் பொய்யா, மெய்யா என்பதே வழக்கு. அவ்வழக்கு அன்று முடியவில்லை. அதற்கு வரலாற்றின் துணைகொண்டு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

கொல்லியின் கல்

கொல்லிமலை தமிழிலக்கியத்திற்குப் புதியதன்று. வல்வில் ஓரியின் மலை அது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான அவனை வன்பரணர் பாடியுள்ளார். மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று, மலையைச் சேரர்க்கு அளித்த செய்தியைச் சங்கப் பாடல்கள் வழி அறிகிறோம். காண்போரை மயக்கும் கொல்லிப்பாவை பற்றிய குறிப்பும் அப்பாடல்களிற் பலவிடத்து வருகின்றது. இன்றும் ஆடி 17, 18ஆம் நாள்களில் வல்வில் ஓரி விழா அம்மலையில் நடைபெறுகின்றது. பிற்காலத்தில் அம்பலவாணக் கவிராயர் பாடிய அறப்பளீசுர சதகத்தின் தலைவனும் இம்மலையில் உறையும் இறைவனே.

இம்மலையின் உடல் எத்தகைய கல்லால் ஆயது? நிலவியலார் அதனைச் சார்னோகைட் என்பர். ஆழ்ந்த கருநீலமும் பசுமையும் கலந்த, மிகக் கடினமான பாறை அது. அதற்கு அப்பெயர் வந்த கதை சுவையானது. கல்கத்தாவில் ஆங்கிலக் குடியேற்றத்தை நிறுவிய ஜாப் சார்னாக்கின் கல்லறை அந்நகரின் புனித ஜான் தேவாலய வளாகத்தில் உள்ளது. அக்கல்லறையின் மேற்கல் சென்னையை அடுத்த பல்லாவரம் பகுதியிலிருந்து சென்றது. தாமஸ் ஹாலண்ட் என்னும் நிலவியலறிஞர் 1893இல் இப்பாறை வகைக்குச் சார்னாக்கின் பெயரைச் சூட்டினார். தமிழகத்து மலைக்கல், வங்கத்தில் ஒரு கல்லறையைப் போர்த்தியதனால் உலகப் பெயர் பெற்றது! நம் மலைக்கு நம் பாவலர் இட்ட பெயர் இரண்டாயிரம் ஆண்டு பழையது. மலையின் கல்லுக்கு இட்ட பெயரோ ஒன்றேகால் நூற்றாண்டு கடந்தது.

இத்துணைக் கடினமான கல்லின்மேல் வாழ்ந்தும், கொல்லிமலை மக்கள் தம் வீட்டைக் கல்லாற் கட்டவில்லை என்பதே நாம் முதலில் கருதத்தக்கது.

மண் வீடும் மூன்று கல்லும்

கொல்லிமலையில் வாழும் மலையாளி என்னும் பழங்குடி மக்கள், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர் என்று வாய்மொழியாகக் கூறுவர். ஊர்களை நாடு நாடாகப் பகுத்து வாழும் மரபினர். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு எனப் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. சாமை, தினை, கேழ்வரகு முதலிய சிறுதானியங்கள் அவர்தம் பழைய உணவு.

அவர்தம் பழைய வீடு மூங்கிலும் மண்ணும் புல்லும் கொண்டு ஆயது. மூங்கிலைப் பிளந்து தட்டியாகப் பின்னி, இருபுறமும் மண் அப்பி, மேலே புல் வேய்வர். ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், மார்கழிக் குளிரில், அம்மண் சுவர் பகலின் வெம்மையை இரவுக்குச் சேமித்து வைக்கும். வீட்டின் உள்ளே மூன்று கல் கூட்டிய அடுப்பு. அடுப்புக்கு மேலே பரண். சமையல், குளிர்காய்தல், விளக்கு ஆகிய மூன்றுக்கும் அவ்வொரு நெருப்பே போதுமாயிருந்தது.

அடுப்புக்குரிய கல்லைத் தேர்வதிலும் நுண்ணறிவு வேண்டும். ஆற்றுப்படுகையில் நெடுநாள் நீரில் ஊறிய கல்லை அப்படியே நெருப்பருகே வைத்தால், உட்புகுந்த நீர் ஆவியாகிக் கல் வெடித்துத் தெறிக்கக்கூடும். ஆகவே உலர்ந்த மேட்டுக்கல்லே அடுப்புக்கு உரியது. இதனை ஏட்டில் எழுதாமலே அறிந்தவர்கள் நம் பாட்டிமார்.

நாங்கள் கண்ட கல்முகப்பு வீட்டுக்கு அடுத்தாற்போல் அத்தகைய பழைய வீடொன்று இருந்தது. அதன் திண்ணையில் அமர்ந்திருந்த மூதாட்டியிடம், "புதுவீடு யாருடையதுங்க?" என்று வினவினேன். தம் பேரனுடையது என்றார். "நீங்கள் அங்கே இருப்பதில்லையா?" என்றதற்கு, "படுக்க அங்கதானுங்க போறேன். பகல்ல இங்க வந்து அடுப்பு மூட்டுவேன். புகை இல்லாமப் போனா பரண்ல இருக்கற வெதைக்கு வண்டு விழுந்துருதுங்க" என்றார்.

வழக்காடிக்கொண்டிருந்த நாங்கள் வாயடங்கினோம். நாங்கள் சுவரின் முகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அவரோ வீட்டின் வயிற்றைப் பற்றிப் பேசினார்.

இருமுகச் சுவர்: சோழர் கண்ட வழி

இனி, கல் போர்த்தும் கலையின் பழமைக்கு வருவோம். தமிழகத்தில் தெய்வத்தின் இல்லங்கள் தொடக்கத்தில் செங்கல், மரம், சுதை ஆகியவற்றால் ஆயவை. முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் மண்டகப்பட்டில் குடைந்த குகைக் கோயிலின் கல்வெட்டு, செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றி இதனை அமைத்ததாகப் பெருமிதத்துடன் அறிவிக்கிறது. அப்பெருமிதமே, அதுகாறும் வழக்கிலிருந்தவை அப்பொருள்களே என்பதற்குச் சான்று. அங்கே கல்லுக்கும் சுவருக்கும் வேறுபாடில்லை, மலையே சுவர்.

சோழர் காலக் கற்றளியோ வேறு. வெளியிலிருந்து காண்போர் சுவர் முழுதும் ஒரே கல் என எண்ணுவர். உண்மையில் பல கோயில்களில் வெளிமுகத்திற்கு ஒரு வரிசை, உள்முகத்திற்கு ஒரு வரிசை எனச் செதுக்கிய கற்களை நிறுத்தி, இடைவெளியை உடைகல்லும் மண்ணும் இட்டு நிரப்பியுள்ளனர். காவிரிப் படுகையில் கருங்கல் இல்லை. தொலைவிலிருந்து கொணர வேண்டும். கிடைத்தற்கரிய நற்கல்லை, மழையும் வெயிலும் தாக்கும் முகத்திலும், கல்வெட்டு எழுதும் முகத்திலும் வைத்தனர். கண்ணுக்குப் புலப்படாத நடுவில் எளிய பொருளை வைத்தனர். 1010ஆம் ஆண்டில் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலைப் பாடாத புலவர் இல்லை. அத்தகைய கோயில்களை எழுப்பிய தச்சரும் கல்லைக் கணக்கிட்டே செலவிட்டனர் என்பது நினைவுகூரத்தக்கது.

இங்குச் செம்பியன் மாதேவியாரின் பணியைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். கண்டராதித்த சோழரின் தேவியும் உத்தம சோழரின் அன்னையுமான அம்மையார், பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பழைய செங்கல் தளிகள் பலவற்றைக் கற்றளிகளாக மாற்றினார். திருக்கோடிகாவில் அவ்வாறு புதுப்பித்தபோது ஓர் இடர் எழுந்தது. பழைய கோயிலைச் சார்ந்த கற்களில் கொடை பற்றிய கல்வெட்டுகள் பல சிதறிக் கிடந்தன. அம்மையார் அவற்றை வீசியெறியச் செய்யவில்லை. பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரில் மீண்டும் பொறிக்கச் செய்தார். இவை பழங்கல்லிலிருந்து படியெடுத்தவை என்னும் குறிப்பும் அச்சுவரில் உண்டு. சுவர் மாறிற்று, சுவர் சுமந்த சொல் மாறவில்லை. இச்செய்தியை அன்பர்கள் மனத்திற் கொள்ள வேண்டுகிறேன். இறுதியில் இதற்குத் திரும்புவோம்.

மாமுர்ராவும் ஒரு கவிஞனும்

நம் நாட்டில் கோயிலுக்கு நிகழ்ந்தது, உரோமாபுரியில் வீட்டுக்கு நிகழ்ந்தது. உரோமர் சுண்ணாம்புக் காரையும் உடைகல்லும் கலந்து சுவரின் நடுவை வார்த்து, முகத்தில் மட்டும் சிறுகற்களை அடுக்கினர். கி.மு. முதல் நூற்றாண்டின் கட்டடக்கலை ஆசிரியர் விட்ருவியஸ், இம்முறையில் ஒரு குற்றம் காண்கிறார். விரைவை விரும்பும் கட்டுநர் இருபுறமும் முகத்தை மட்டும் எழுப்பி, நடுவில் உடைசல்களைக் கொட்டிவிடுகின்றனர் என்றும், கிரேக்கரோ சுவரின் ஒரு முகத்திலிருந்து மறுமுகம் வரை ஊடுருவும் நெடுங்கற்களை இடையிடையே வைத்து இரு முகங்களையும் பிணைத்தனர் என்றும் அவர் எழுதுகிறார். முகம் தவறன்று; அகத்தோடு பிணைப்பில்லாத முகமே தவறு என்பது அவர்தம் கருத்து. அவர் எழுதி இரண்டாயிரம் ஆண்டு கடந்தும், கொத்தனார் ஒருவரும் மறுக்க முடியாத கருத்து இது.

பின்னர்ச் செல்வர்க்கு அதுவும் போதவில்லை. உரோமாபுரியில் தன் வீட்டுச் சுவர் முழுவதையும் சலவைக்கல் தகடுகளால் முதன்முதலில் போர்த்தியவன் மாமுர்ரா என்பவன் எனப் பிளினி தம் இயற்கை வரலாற்று நூலில் குறிக்கிறார். சீசரின் பொறியியல் தலைவனாக இருந்து, கால் நாட்டில் பெரும்பொருள் ஈட்டியவன் அவன். சீலியன் குன்றில் அவன் வீடு இருந்தது. இம்மாமுர்ராவின் பேராசையை அவன் வாழ்நாளிலேயே கடுமையாக எள்ளிப் பாடியவன் கட்டுல்லஸ் என்னும் இலத்தீன் கவிஞன். பிளினியும் மாமுர்ராவைக் குறிக்குமிடத்தில், அக்கவிஞனின் பாடல்களால் கிழிக்கப்பட்டவன் இவன் என்று நினைவூட்டத் தவறவில்லை. சலவைக்கல் எங்கே போயிற்றோ. கவிஞனின் வசை மட்டும் நிற்கின்றது. பாவலர் அவைக்கு இதைவிடப் பொருத்தமான சான்று வேறு வேண்டுமோ?

ஆயினும் கல்முகத்தைப் பழித்தவர் மட்டுமே வரலாற்றில் இலர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலக் கலைத்திறனாய்வாளர் ஜான் ரஸ்கின், கட்டடக்கலையில் வாய்மையைப் பெரிதும் வற்புறுத்தியவர். மரத்துக்குச் சலவைக்கல் போல் வண்ணம் தீட்டுவதை வஞ்சகம் என்று 1849இல் எழுதினார். அவரே வெனிஸ் நகரின் புனித மார்க் தேவாலயத்தைப் பற்றி 1853இல் எழுதும்போது வேறு முகம் காட்டுகிறார். அக்கோயிலின் உடல் செங்கல். மேலே போர்த்தியது சலவைக்கல் தகடு. கல் கிடைக்காத கடல் நகரில் செங்கல்லாற் கட்டி, தொலைவிலிருந்து வந்த அரிய கல்லை மேலே போர்த்துதல் இயல்பே என்றும், தகடுகளைப் பிணைத்த ஆணிகள் வெளிப்படையாகத் தெரிவதால் அங்கு ஏமாற்று இல்லை என்றும் வழக்குரைக்கிறார். போர்வீரன் கவசம் அணிந்தால் அவன் உடலே இரும்பென்று எவரும் எண்ணுவதில்லை அல்லவா? போர்த்துதல் பொய்யன்று, போர்த்தவில்லை என நடித்தலே பொய் என்பது அவர் வாதத்தின் சாரம்.

கணப்பு மலையேறிய கதை

கல்முகத்தோடு கணப்பும் இக்கட்டுரைத் தலைப்பில் இடம்பெற்றமைக்குக் காரணம் உண்டு. குளிர்நாட்டு வீடுகளில் சுவரோடு சேர்த்துக் கட்டப்படும் கணப்பு அடுப்பைச் சுற்றித்தான் கல் பதிக்கும் வழக்கம் பெரிதும் வளர்ந்தது. நெருப்பருகே மரம் எரியும்; சுண்ணாம்புப் பூச்சு கருகி உதிரும்; கல் ஒன்றே தாங்கும். அங்கே கல் முதலில் காப்பு, பின்னரே அழகு.

தமிழர்க்குக் குளிர்காய் நெருப்பு அயலானதன்று. நெடுநல்வாடையில் கூதிர்கால இரவில் தடவு என்னும் கணப்புச் சட்டியில் நெருப்பு மூட்டிக் காயும் காட்சி வருகின்றது. ஆயின் அது எடுத்துச் செல்லத்தக்க மண்கலம், சுவரோடு பிறந்ததன்று. புகைபோக்கியோடு சுவருக்குள் அமைந்த கணப்பு, வெள்ளையரோடு நம் மலைகளுக்கு ஏறியது.

கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்கு ஏறினார். 1822இல் உதகையில் அவர் கட்டத் தொடங்கிய வீடு கல் பங்களா எனப் பெயர்பெற்றது. உதகையில் ஐரோப்பியர் எழுப்பிய அம்முதல் வீட்டின் சிறப்பு, அது கல்லால் ஆயது என்பதே; அதனால் வீட்டின் பெயரும் கல்லாயிற்று. பிற்காலத்தில் உதகை அரசு கலைக் கல்லூரி அவ்வளாகத்தில் இடம்பெற்றது. சேர்வராயன் மலையிலோ, அதே 1820களில் சேலம் ஆட்சியர் காக்பர்ன் ஏற்காட்டில் காப்பியும் கனிமரங்களும் பயிரிடச் செய்தார். தோட்ட உரிமையாளர் பங்களாக்கள் தொடர்ந்தன. அறைதோறும் கணப்பு, கணப்பைச் சுற்றிச் செதுக்குக்கல், கூரைமேல் புகைபோக்கி என்னும் அமைப்பு மலைவாழ் செல்வர்க்கு இலக்கணமாயிற்று.

இக்கணப்புகள் உண்ட விறகு எவ்வளவு? உதகையைச் சூழ்ந்த சோலைக்காடுகள் விறகுக்காக அழிந்தன. அக்குறையை ஈடுசெய்யவே, 1843ஆம் ஆண்டளவில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த தைல மரம் பின்னர் நீலகிரியெங்கும் பரப்பப்பட்டது. ஓர் அறையின் குளிரைப் போக்கப் புகுந்த நெருப்பு, ஒரு மலையின் முகத்தையே மாற்றிவிட்டது. கொல்லிமலையின் மூன்றுகல் அடுப்பு அத்தகைய பழிக்கு ஆளாகவில்லை. விழுந்த சுள்ளியே அதற்குப் போதும்.

கொல்லிமலைக்கு இப்பங்களா நாகரிகம் ஏன் வரவில்லை? காய்ச்சலே காரணம் என்பர். மலைக்காய்ச்சலுக்குப் பெயர்போன மலையாக அது ஆங்கிலேயர் காலத்தில் கருதப்பட்டது. எனவே உதகையும் ஏற்காடும் போலக் கொல்லி கோடைவாழிடம் ஆகவில்லை. கொசுவே ஒருவகையில் மண் வீட்டைக் காத்தது எனலாம்.

கல் மெலிந்த காலம்

இருபதாம் நூற்றாண்டில் கல் மெலியத் தொடங்கியது. சிமெண்ட்டும் இரும்புக் கம்பியும் வீட்டின் பாரத்தைத் தாங்கத் தொடங்கியபின், கல்லுக்குத் தாங்கும் வேலை இல்லாமற் போயிற்று. தோன்றும் வேலையே எஞ்சியது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஆல்பர்ட் நைட் என்பவர் 1937இல் பார்ம்ஸ்டோன் என்னும் செயற்கைக் கல்முகத்துக்கு உரிமை பெற்றார். சிமெண்ட்டைப் பூசி, கல் போல் வரியிட்டு, வண்ணமேற்றி, உழைப்பாளிகளின் செங்கல் வீடுகளை வரிசை வரிசையாகப் போர்த்தினர். அந்நகரத்துத் திரைப்பட இயக்குநர் ஜான் வாட்டர்ஸ், அதனைச் செங்கல்லுக்கு உடுத்திய பாலியெஸ்டர் என எள்ளினார். ஆனால் ஒன்று: அவ்வீடுகளில் வாழ்ந்தோர்க்கு அது மாளிகைக் கனவு. ஏழையின் ஆசையை எள்ளுதல் எளிது. கட்டுல்லஸ் எள்ளியது கொள்ளைப்பொருள் குவித்தவனை. இவ்வேறுபாட்டை நாம் மறக்கலாகாது.

இயற்கைக் கல்லையே மெல்லிய தகடாக்கி ஒட்டும் முறையும் உடன் வளர்ந்தது. தகடாக்குதல் தென்னாட்டுக் கல்தச்சர்க்குப் பழகிய கலையே. படர்ந்த பாறையின்மேல் விறகுத் தீயை மூட்டி, அதனை மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டே சென்றால், சூடேறிய மேலடுக்கு கீழடுக்கினின்றும் பிரிந்து பலகையாக எழும். தட்டிப் பார்த்து, ஒலி மாறுவதைக் கொண்டு பிரிவை அறிவர். வெடிமருந்தின்றி, நெருப்பையே உளியாகக் கொண்ட அம்முறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு மேலைநாட்டார் வியந்து பதிவுசெய்துள்ளனர். கல்லும் கணப்பும் அயலவர் அல்லர். உறவினர் என்பது இதனாற் பெறப்படும்.

ஒட்டுக்கல்லுக்கு ஒழுங்கு உண்டு. கல் தன் எடையைக் கீழேயுள்ள கல்லின்மேல் சுமத்துவதில்லை. ஒவ்வொன்றும் சுவரையே பற்றித் தொங்குகின்றது. ஆகவே எடைக்கு எல்லை வேண்டும். அமெரிக்கக் கட்டட விதிகள் ஒட்டுக்கல்லின் எடையைச் சதுர அடிக்கு 15 ராத்தலுக்குள், அதாவது ஏறக்குறைய 7 கிலோவுக்குள் நிறுத்துகின்றன. சுவர் சொரசொரப்பாகக் கொத்தப்பட வேண்டும். தூசு கழுவப்பட வேண்டும். நீர் தெளித்துப் பதமாக்கிச் சிமெண்ட் பால் அடிக்க வேண்டும். கல்லின் முதுகு முழுவதும் கலவை பரவ வேண்டும். நான்கு மூலையில் நான்கு உருண்டை வைத்து அழுத்தினால், இடைவெளியில் மழைநீர் தங்கும். மூலைக் கற்களை முதலில் வைத்து, நூல் பிடித்து, ரசமட்டம் பார்த்து உள்நோக்கி வர வேண்டும். தரைக்கும் முதல் வரிசைக்கும் இடையே நான்கு விரற்கிடையேனும் விட வேண்டும்; இல்லையேல் மண்ணின் ஈரம் சுவரேறும்.

இவ்வளவும் நூலறிவன்று, பட்டறிவு. மலையடிவாரத்தில் உள்ள என் வீட்டின் முகப்புக்குக் கல் பதிக்க என் மகன் விரும்பினான். பழைய சுவரில் பெயிண்ட் அடித்திருந்தது. கொத்தனார், "பூச்சைக் கொத்தி எடுத்துட்டுத்தான் கல்லு வைக்கோணுங்க, பத்து நாள் ஆகும்" என்றார். வீட்டில் திருமணம் நெருங்கியிருந்தது. கொத்த வேண்டாம், அப்படியே ஒட்டுங்கள் என்று வற்புறுத்தியவன் நானே. முகப்பு அழகாகவே இருந்தது; வந்தோர் அனைவரும் பாராட்டினர். இரண்டாம் ஐப்பசி அடைமழையில், ஒரு நள்ளிரவு, பன்னிரண்டு கற்கள் ஒருசேர விழுந்தன. துளசி மாடம் உடைந்தது. மாலையில் என் பேத்தி அங்கேதான் விளையாடிக்கொண்டிருந்தாள் என்பதை எண்ணி அன்றிரவு எவரும் உறங்கவில்லை.

காலையில் அதே கொத்தனார் வந்தார். விழுந்த கல்லொன்றைப் புரட்டி அதன் முதுகைக் காட்டினார். கலவை கல்லைவிட்டுப் பிரியவேயில்லை. கலவையின்மேல் என் வீட்டுப் பெயிண்ட் தோல்போல் உரிந்து ஒட்டியிருந்தது. "கல்லு விழலீங்க சார். உங்க பெயிண்டுதான் கல்லையும் தூக்கிட்டு விழுந்துருச்சு" என்றார். விட்ருவியஸ் சொன்னதையே அவரும் சொன்னார். அவரை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

இன்றைய கொல்லி

கொல்லிமலையின் மண் வீடுகள் இன்று அருகி வருகின்றன. இதற்கு மக்களைப் பழித்தல் நேர்மையன்று. புல் வேய்ந்த கூரையை அடிக்கடி மாற்ற வேண்டும், புல்லும் மூங்கிலும் முன்போல் கிடைப்பதில்லை, தீயச்சமும் உண்டு. 1985இல் தொடங்கிய இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம், 2010இல் குடிசைகளைக் காங்கிரீட் வீடாக்க வந்த கலைஞர் வீடு வழங்கும் திட்டம், 2011இல் அறிவிக்கப்பட்ட 300 சதுர அடிப் பசுமை வீடு எனத் திட்டங்கள் பல வந்து, தமிழகத்துக் குடிசைகளை உறுதியான கூரைக்கு மாற்றின. ஒழுகாத கூரையின் கீழ் உறங்குவது எவருக்கும் உரிமை. மழைக்கு நனையாத நாம், மலைமக்கள் மட்டும் மண் வீட்டில் வாழ்ந்து நம் கவிதைக்குப் பொருளாக வேண்டும் என்று கேட்பது கொடுமை.

மூதாட்டியின் பேரன் முகப்புக்கு மட்டும் கல் பதித்ததும் அத்தகைய உரிமையே. கையிலிருந்த பொருளுக்கு ஒரு சுவர்தான் இயன்றது. மற்ற மூன்று சுவர்களை அவர் மறைக்கவில்லை. ரஸ்கினின் அளவுகோலால் பார்ப்பின், அவ்வீட்டில் பொய் இல்லை. அன்று நாங்கள் எழுப்பிய வழக்கில் அவர் பக்கமே தீர்ப்பு.

சுற்றுலாவுக்கென எழும் விடுதிகள் சிலவற்றில் காணும் கணப்போ வேறு வகை. சுற்றிலும் கல் பதித்து அழகுற அமைந்திருக்கும், புகைபோக்கி இராது, நெருப்பு ஒருநாளும் எரிந்திராது. அதனருகே நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். புகைபோக்கியில்லாத கணப்பைப் பொய் எனலாம். ஏனெனில் அது செய்வதாகக் காட்டும் வேலையைச் செய்வதில்லை. அதற்குச் சில கல் தொலைவில், உண்மையான நெருப்பொன்று, வண்டு விழாமல் விதையைக் காத்துக்கொண்டிருக்கிறது.

அந்த விதையும் சிறிதன்று. மரவள்ளி பரவியபின் சாமையும் தினையும் கொல்லியில் சுருங்கின. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து அங்குச் சிறுதானியங்களைக் காக்கப் பாடுபட்டு வந்துள்ளது. பல தலைமுறைகளாக அவ்விதைகளைக் காத்தவற்றுள் பரணும் புகையும் அடங்கும். வீடு மாறும்போது அடுப்பு வெளியேறுகிறது. அடுப்பு வெளியேறும்போது பரண் வெறுமையாகிறது. பரண் வெறுமையாகும்போது விதை கைமாறுகிறது. விதையோடு அதன் பெயரும் போகும்.

நாம் செய்யத்தக்கது

அன்பர்களே, இலக்கிய வட்டம் வீடு கட்டித்தர வல்லதன்று. எவர் வீட்டுச் சுவரையும் எப்படிக் கட்டுக என்று சொல்லும் உரிமையும் நமக்கில்லை. ஆயின் செம்பியன் மாதேவியார் திருக்கோடிகாவில் செய்ததை நாமும் செய்யலாம். சுவர் மாறும்பொழுது, பழைய சுவர் சுமந்த சொற்களைப் படியெடுக்கலாம்.

மூங்கில் தட்டியின் ஒவ்வொரு பகுதிக்கும், புல் வேயும் முறைக்கும், அடுப்பின் மூன்று கல்லுக்கும், பரணில் விதை வைக்கும் கலத்துக்கும், புகையின் பதத்துக்கும் கொல்லிமலை மக்களிடம் சொற்கள் இருக்கும். அவற்றுட் பல நம் அகராதிகளில் ஏறியிரா. அவற்றை அறிந்தவர்கள் முதியவர்கள். வட்டத்தின் பதினொன்றாம் ஆண்டுப் பணியாக, உறுப்பினர் இருவர் இருவராகச் சென்று, சொன்னவர் ஒப்புதலோடு, அவர்கள் சொன்னவாறே அச்சொற்களைத் தொகுத்து வர வேண்டும் என்று முன்மொழிகிறேன். தொகுத்ததை மலைமேல் உள்ள பள்ளிகளுக்கே முதலில் அளிக்க வேண்டும்.

நாங்கள் விடைபெறும்போது அம்மூதாட்டி, அடுப்பிலிருந்து கொள்ளியை உள்ளே தள்ளிவிட்டு வாசல்வரை வந்தார். பேரன் வீட்டுக் கல்முகப்பைக் காட்டி, "நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றோம். உண்மையாகவே நன்றாகத்தான் இருந்தது. "அடுத்த வருசம் பின்னால ஒரு அடுப்புச் சாலை போட்டுத் தாரேன்னு சொல்லியிருக்கான். பரணும் வெச்சுத் தரோணும்னு சொல்லியிருக்கறேன்" என்றார்.

அந்தப் பரண் எழுமுன் நாம் ஒருமுறையேனும் மலையேற வேண்டும்.